கழுவாத மூக்கு

அகழாய்வுக் குழியிலிருந்து ரோமானியப் பாணி விளக்குத் துண்டுகள் ஏழு வந்திருந்தன. ஏழும் மூக்குப் பகுதிகள். திரி எரிந்த ஓட்டையில் கரி அப்பியிருந்தது. அந்தக் கரியைச் சோதித்தால் எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரிய வாய்ப்புண்டு. ஆய்வகத்தில் என்னை வேலைக்கு எடுத்ததே அதற்குத்தான்.

கழுவ வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்க வேண்டும். தொட்டியடியில் ஓடு கழுவும் அக்காவோடு சேர்த்து நாலு பேர் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாயே திறக்காததால் அங்கே எனக்கு ‘மியூட்டு’ என்று பேர். ஒரு சீட்டில் எழுதித் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆறு மூக்குகள் பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், ஈரம் உறிஞ்சுவதற்காக, நாலாக மடித்த என் சீட்டு. ஏழாவதைக் காணோம்.

பொறுப்பாளர் கத்துகிறவர் இல்லை. தட்டைப் பார்த்தார். ஓடு கழுவும் அக்கா ஆறைக் கெடுத்து ஒன்றைத் தொலைத்தும் விட்டார், இனி அவரை வைத்துக்கொள்ள முடியாது என்றார். ஒரு வருஷம் அலைந்து அக்காவுக்குக் கிடைத்த வேலை அது. சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் தொட்டியை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

எங்களைக் கண்டதும் அக்கா ஓடு தேய்த்துக்கொண்டிருந்த பல் பிரஷைக் கீழே வைத்தார். அவராகவே சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார்.

“திட்டாதீங்க சார். இது ஒண்ணு மட்டும் போகவே மாட்டேங்குது. ஓட்டைக்குள்ள பிரஷ் நுழையல. நாளைக்கு ஊசி எடுத்துட்டு வந்து சுரண்டிடறேன். அதான் தனியா வெச்சேன்.”

பொட்டலத்துக்குள் ஏழாவது மூக்கு. கரி அப்படியே இருந்தது.

பொறுப்பாளர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

“சார், அக்கா மேல தப்பில்ல. நான்தான் யார்கிட்டயும் சொல்லல. சீட்டு எழுதி வெச்சுட்டு ஓடிட்டேன்.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பொறுப்பாளரும்தான்.

சோதனைக்கு ஒன்று போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். இனிமேல் கேட்டுவிட்டுக் கழுவும்படி அக்காவிடமும், சொல்லிவிட்டுப் போகும்படி என்னிடமும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அடியே மியூட்டு, உனக்கு இவ்வளவு வால்யூம் இருக்கா?”

காது சூடாகிவிட்டது. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“ஊசி எடுத்துட்டு வராதீங்கக்கா” என்றேன்.