ஆறு கோடு தள்ளி நின்ற முள்

பிரஷர் நூற்று எழுபத்திரண்டு என்று நர்ஸ் சொன்னதும் கேஜ்காரர் பயப்படவில்லை. முள்ளைப் பார்த்தார்.

"தங்கச்சி, காத்தை முழுசா இறக்கு."

"இறக்கியாச்சு ஐயா."

"அப்புறம் ஏன் முள் பூஜ்யத்துக்கு வரல? ஆறு கோடு தள்ளி நிக்குது பாரு. கோட்டுக்கு ரெண்டு. ஆறு ரெண்டு பன்னிரண்டு. என் கையில கட்டறதுக்கு முன்னாலயே உன் மெஷினுக்குப் பன்னிரண்டு பிரஷர் இருக்கு. முதல்ல அதுக்கு மாத்திரை குடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. "அது எப்பவுமே அப்படித்தான் ஐயா" என்றாள்.

அந்த ஒரு சொல் போதும், அவருக்கு உச்சி மயிர் நட்டுக்கொள்ள. முப்பத்தொரு வருஷமாக அந்தத் தொழிற்சாலையின் நீராவிக் குழாய்களில் அழுத்தம் காட்டும் கேஜ்களைக் கழற்றி, சோதித்து, சரி செய்து மாட்டுவதே அவர் பிழைப்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் ஒரு முள் பொய் சொல்கிறதா இல்லையா என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். 'எப்பவுமே அப்படித்தான்' என்று ஒருவன் சொன்னால், எங்கேயோ ஒரு குழாய் வெடிக்க நாள் குறித்தாயிற்று என்று அவர் கணக்கு.

தொழிற்சாலையில் பிரஷர் முகாம் நடத்த வந்தது ஓர் இதய டாக்டரம்மா. மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடி அலுத்துப்போய், விழுவதற்கு முன்னால் பிடிப்போம் என்று கிளம்பியவர். சாப்பாட்டுக்கூடத்தில் மூன்று மேசை, மூன்று நர்ஸ். நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் பிரஷர் பார்த்து ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். நூற்று அறுபதுக்கு மேல் போனவன், டாக்டர் கையெழுத்துப் போடும்வரை பாய்லர் அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவே போட்டிருந்தார்.

அங்கேதான் இடித்தது. திங்கட்கிழமை வால்வு நாள். வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை மெல்ல மெல்ல ஏற்றி, நூற்று ஐம்பது பவுண்டில் பாதுகாப்பு வால்வு தானாகத் திறக்கிறதா என்று பார்த்து, ஸ்பேனரால் இறுக்கித் தளர்த்திச் சரி வைக்கும் நாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்பேனரை அவர் கை தவிர வேறு கை தொட்டதில்லை. நீராவி பிளிறிக்கொண்டு கிளம்பும்போது வளாகமே வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும். இப்போது அட்டையில் 172 என்று எழுதி, அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, பாய்லர் ஓட்டும் மச்சினன், மனைவியின் தம்பி, மூன்றாவது மேசையிலிருந்து அட்டையை விசிறிக்கொண்டு வந்தான்.

"அத்தான், நூத்தி முப்பது! 'நன்று'ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஸ்பேனர் எந்த அலமாரியில இருக்கு?"

"உன் மூஞ்சிக்கு ஸ்பேனர் ஒண்ணுதான் குறைச்சல், மாப்ளே."

"அக்கா தினமும் திணிச்ச மாத்திரையைக் காலையிலயே குப்பையில கொட்டிட்டேன். பிரஷரே இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து?"

கேஜ்காரர் நேராக டாக்டரம்மாவிடம் போனார். அவர் நின்றபடியே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, உங்க கேஜ் பொய் சொல்லுது. கடைசியா எப்ப சோதிச்சீங்க?"

டாக்டரம்மா மென்றதை விழுங்கினார். "தெரியலையே ஐயா. வாங்கி மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷமா! எங்க கேன்டீன் நீராவிச் சோத்துப்பானை மேல இருக்கிற கேஜையே நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டறேன். நீங்க மனுஷன் உசுரை அளக்கறீங்க."

அந்தம்மா கோபப்படுவார், மேனேஜரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். சண்டைக்குத் தொண்டையைக்கூடச் செருமி வைத்திருந்தார். டாக்டரம்மா பழத்தோலைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கேட்டார்: "உங்ககிட்ட சோதிக்க வழி இருக்கா?"

"இருக்காவா?"

"அப்ப வாங்க. மூணையும் எடுத்துட்டு வர்றேன். இப்பவே."

கேஜ்காரருக்குச் செருமிய தொண்டை வீணாகப் போயிற்று.

பட்டறைக்குள் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். கேஜ் பட்டறையில் டாக்டருக்குப் பரீட்சை என்ற செய்தி சைரனை விட வேகமாகப் பரவியிருந்தது. லேத் ஓட்டுகிறவர்கள் சன்னல் கம்பியில் தொங்கினார்கள். மேனேஜர்கூடக் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

சுவரில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய், அதன் அடியில் பாதரசம். கேஜ்காரர் ரப்பர் குழாயை மூன்றாகப் பிரித்தார். ஒரு வாய் பாதரசத்துக்கு, ஒரு வாய் டாக்டர் கேஜுக்கு, மூன்றாவது காற்றடிக்கும் ரப்பர் குமிழுக்கு.

"ஒரே காத்து ரெண்டு பக்கமும் போகுது. பாதரசத்துக்கு ஸ்பிரிங் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. பொய் சொல்ல அதுக்கு வழியே இல்ல. நான் குழாயைப் படிக்கிறேன். நீங்க உங்க கேஜைப் படிங்க. நான் நிறுத்துன்னதும் உரக்கச் சொல்லணும்."

டாக்டரம்மா நாற்காலியை மறுத்துவிட்டு எண்ணெய் படிந்த பெஞ்சில் முழங்கையை ஊன்றிக் குனிந்தார்.

முதல் கேஜ், அவருடைய எதிரி. குமிழை அழுத்தினார். வெள்ளிக் கம்பி போல் பாதரசம் ஏறியது.

"நிறுத்து! குழாய்ல நூறு."

"கேஜ்ல நூத்திப் பன்னிரண்டு."

"நூத்தி ஐம்பது!"

"நூத்தி அறுபத்திரண்டு."

பட்டறை அதிர்ந்தது. யாரோ இரும்புத் தட்டைச் சுத்தியலால் அடித்தார்கள். கேஜ்காரர் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டில் பன்னிரண்டு போனால் நூற்று அறுபது. உத்தரவு சொல்வது நூற்று அறுபதுக்கு மேல். அறுபது என்பது மேலா? இல்லை! திங்கட்கிழமை ஸ்பேனர் அவர் கையில்!

இரண்டாவது கேஜ் நூறுக்கு நூறு, நூற்று ஐம்பதுக்கு நூற்று ஐம்பது. "இது நல்ல வீட்டுப் பிள்ளை" என்று அதைத் தனியே வைத்தார்.

மூன்றாவதை எடுத்தார். புத்தம் புதுசு போல் பளபளத்தது. முள் பூஜ்யத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இதில் ஒன்றும் இருக்காது என்றுதான் அவரும் நினைத்தார்.

"குழாய்ல நூறு."

டாக்டரம்மா இன்னும் கிட்டக் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"என்னம்மா, கேஜ் எவ்வளவு?"

"எழுபது."

"மறுபடி பாருங்க. நூத்தி ஐம்பது வைக்கிறேன்."

"நூத்தி இருபது."

சுத்தியல் சத்தம் நின்றது. கேஜ்காரர் மூடியைத் திருகி எடுத்தார். பூஜ்யத்தில் ஒரு சின்ன ஆணி நிஜமாகவே அடித்திருந்தது. முள் அதன் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. இடுக்கியால் ஆணியைப் பிடுங்கினார். முள் சரேலென்று பதினைந்து கோடு பின்னால் விழுந்தது.

"பாத்தீங்களா? எங்கேயோ கீழ விழுந்து அடி பட்டிருக்கு. ஆணி தாங்கிப் பிடிச்சதால வெளியில தெரியல. முதல் கேஜாவது தன் குத்தத்தை ஊரறியச் சொல்லிச்சு. இது நல்லவன் வேஷம்."

மேனேஜர் கைகளைத் தட்டினார். அவருக்கு நிம்மதி. "ஆக, எல்லா அளவும் செல்லாது. அட்டைகளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலைக்குப் போங்க. முகாம் முடிஞ்சுது. கேஜ்காரரே, திங்கட்கிழமை வால்வு நீங்களே வைங்க."

கூட்டம் கூவியது. இரண்டு பேர் கேஜ்காரரைத் தூக்கக்கூடப் பார்த்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, கேட்காத மாலையும் கூடவே வந்தது.

"அது எப்படி?" என்றான் மச்சினன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து. "என் அட்டை ஏன் செல்லாது? எனக்கு நூத்தி முப்பது, நன்று!"

கேஜ்காரர் திரும்பி அவனைப் பார்த்தார். மூன்றாவது மேசை. நூற்று முப்பதோடு முப்பது. குப்பையில் மாத்திரை. தூக்க வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டார்.

"இந்தக் கேஜை எத்தனை பேருக்குக் கட்டினீங்க, டாக்டரம்மா?"

டாக்டரம்மா ஏட்டைப் புரட்டினார். "முப்பத்தி நாலு பேர். எல்லாரையும் நல்லா இருக்கீங்கன்னு அனுப்பி வச்சிருக்கேன். தப்பு என்னோடது. முதல் மேசைக்காரங்களுக்குக் கூடத்தான் காட்டியிருக்கு, அவங்க பொறுக்கலாம். இவங்களைத் திரும்பப் பாக்கணும்."

"நாலு மணிக்குச் சங்கு" என்றார் மேனேஜர். "பஸ் ஏறிட்டா ரெண்டு நாள் லீவு. எவன் எங்க போவான்னு யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை பாத்துக்கலாமே."

"முப்பதைக் கூட்டி எழுதிட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"கூட்டிக் கழிச்சு எழுதறவன் கேஜ்காரன் இல்ல!" என்று கத்தினார் கேஜ்காரர். "கெட்ட கேஜ் சொன்னது எதுவும் செல்லாது. நல்ல கேஜை வச்சு முதல்ல இருந்து பாக்கணும்." சொல்லி முடித்த பிறகுதான், தன்னுடைய நூற்று அறுபதும் அந்தக் கழித்தலில் வந்ததுதான் என்று அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன, வாயிலிருந்து வந்துவிட்டது.

டாக்டரம்மா இரண்டாவது கேஜைக் கையில் எடுத்தார். "இது சரின்னு நீங்க சொல்றீங்களா ஐயா?"

"என் முத்திரையைக் குத்தித் தர்றேன்." குத்தியும் கொடுத்தார்.

மணி மூன்று இருபது. அப்புறம் நடந்தது ஓட்டப் பந்தயம். டாக்டரம்மா ஏட்டைப் படிக்க, கேஜ்காரர் ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு வளாகம் முழுக்க முழங்கினார். "வெல்டிங் மொட்டை, வா! பெயின்ட் அடிக்கிற அண்ணி, ஓடி வாங்க! ஸ்டோர்ல தூங்கறவனை எழுப்பி விடுங்கடா!" பட்டறை பெஞ்சே மேசையாயிற்று. ஒரே கேஜ்; மூன்று நர்ஸ்களும் வந்தவர்களை உட்காரவைத்து, மூச்சு ஆறியதும் மாற்றி மாற்றிப் பட்டை கட்டினார்கள். டாக்டரம்மா காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்க, கேஜ்காரர் காற்றை இறக்கி முள்ளைப் படித்துச் சொன்னார். இருவரும் முப்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் போல, பாதிச் சொல்லில் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள்.

"நீங்க வேகமா இறக்கறீங்க!"

"நீங்க மெதுவா கேக்கறீங்க!"

சங்கு ஊதியபோது முப்பத்திரண்டு. ஒருவரை வாசலில் மடக்கினார்கள். கடைசி ஆள் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கேஜ்காரர் பஸ்ஸின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். "நசுக்கிட்டுப் போப்பா, பாக்கறேன்!" அந்த ஆளுக்குச் சன்னல் வழியாகவே கையில் பட்டை கட்டினார்கள். முப்பத்தி நாலு!

அதில் ஒன்பது பேருக்கு முள் நூற்று அறுபதைத் தாண்டியது. ஒருத்தியை டாக்டரம்மா தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மச்சினனுக்கு நூற்று அறுபத்தாறு. அவன் அட்டையை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தான்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க அத்தான்."

"நான் சொல்ல மாட்டேன். குப்பைத்தொட்டியில மாத்திரை இருக்கில்ல, அது சொல்லும்."

பட்டறையில் எல்லோரும் கலையும்போது டாக்டரம்மா நாற்காலியைத் தட்டினார். "முப்பத்தஞ்சாவது ஆள் உட்காரலாம்."

மேனேஜர் குறுக்கே வந்தார். "அவருக்கு எதுக்கு? அதான் செல்லாதுன்னு சொல்லிட்டோமே."

போய்விடலாம். யாரும் பிடிக்க மாட்டார்கள். கேஜ்காரர் வாசலைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த தன் முத்திரையைப் பார்த்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஓடியிருக்கீங்க. முதல்ல கொஞ்ச நேரம் அசையாம இருக்கணும். வாயைத் திறக்கக் கூடாது."

"அதுக்கு மருந்து கண்டுபிடிக்கலையே டாக்டரம்மா" என்றான் மச்சினன். "இவர் கல்யாணத்தன்னிக்கே வாயை மூடல."

கேஜ்காரர் முறைத்தார். பத்து நிமிஷம் மவுனமாக இருந்தார். அதை நேரில் பார்த்தோம் என்று சொல்ல இன்றைக்கும் அங்கே ஆள் உண்டு.

பட்டை இறுகியது, தளர்ந்தது. துடிப்பு கேட்டு டாக்டரம்மாவின் கண் அசைந்தபோது முள் எங்கே நின்றது என்று அவருக்கே தெரிந்தது.

"நூத்தி அறுபத்தி நாலு" என்றார் அவரே.

"இன்னொரு தடவை பாக்கலாம்."

பார்த்தார்கள். அறுபத்தி நாலு. எந்தக் கேஜோடு வேண்டுமானாலும் சண்டை போடுவார். தன் முத்திரை குத்திய கேஜோடு எப்படிப் போடுவது?

"எழுதுங்க" என்றார். "எழுதித் தொலைங்க. ஸ்பேனர் மேல் தட்டுல இருக்கு. நல்ல கேஜ்ல நூத்திப் பதினெட்டு வந்தானே, ரெண்டாவது ஷிப்ட் ஒல்லி, அவன்கிட்ட குடுங்க."

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார், பீடியை முழுசாக விடச் சொன்னார், மாசக் கடைசியில் திரும்ப வரச் சொன்னார். அப்புறம் பேனாவை மூடாமலே கேட்டார்: "என் ஆஸ்பத்திரியில இருபத்தாறு கேஜ் இருக்கு. என்னைக்கு வரலாம்?"

"திங்கட்கிழமை வாங்க. அன்னிக்கு எனக்கு வேற வேலை இல்லாம பண்ணிட்டீங்களே."

திங்கட்கிழமை காலை, பெஞ்சில் இருபத்தாறு கேஜ். காற்றடிப்பது மச்சினன், எழுதுவது டாக்டரம்மா. பதினொன்றாவதைக் கோர்க்கும்போது வளாகத்தின் அந்தக் கோடியிலிருந்து பிளிறல் கிளம்பியது. சன்னல் கண்ணாடி நடுங்கியது. டாக்டரம்மா பென்சிலைக் கீழே போட்டுவிட்டார்.

கேஜ்காரர் ஒரு காதைப் பொத்தி மறுகாதால் கேட்டார். "நூத்தி நாப்பத்தெட்டு. ரெண்டு பவுண்டு முன்னாலயே திறக்குது!" எழுந்தே விட்டார். சட்டையின் ஒரு முனையை மச்சினனும் மறுமுனையை டாக்டரம்மாவும் பிடித்தார்கள்.

"உள்ள போகக் கூடாது!"

"போகல, விடுங்க!" சன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளினார். "அடேய் ஒல்லீ! கால் சுத்து இறுக்குடா! கால் சுத்துக்கு மேல ஒரு மயிரிழை கூடப் போகாதே!"

"சரிண்ணே!" என்று எங்கிருந்தோ பதில் வந்தது.

மூவரும் காத்திருந்தார்கள். இரண்டாவது பிளிறல் முதலாவதை விட உரக்க, ஒரே சுதியில் வானத்துக்குப் போயிற்று. லேத்துகள் நின்றன. வளாகம் முழுக்கக் கைதட்டல்.

"எவ்வளவு?" என்று டாக்டரம்மா கத்தினார்.

"நூத்தி ஐம்பது!" என்று திரும்பக் கத்தினார் கேஜ்காரர். முகமெல்லாம் பல். "நூத்தி ஐம்பது, முள்ளு வச்ச மாதிரி! மாப்ளே, வாயைப் பாத்துட்டு நிக்காதே. அடி காத்தை."