கங்கையா வீட்டு நெட்டின் வேகம்

கல்பனாவின் வீட்டு நெட் ஐம்பது வேகத்தில் வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கேபிள்காரன் கோவர்த்தனன் சொன்னான், நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா கங்கையா சொன்னார், மாதாமாதம் வரும் பில்லும் அதையே சொன்னது. லேப்டாப் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்து அழுத்தினால் முள் கொஞ்சம் துடித்துவிட்டு நான்கில் நிற்கும். சில நேரம் மூன்று. ஒருநாள் முக்கி முனகி ஏழு வரை போயிற்று, அதற்கே அவள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று மூடி வைத்திருப்பாள். கல்பனாவால் முடியாது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்து நோயாளிகளோடு பேசுகிற வேலை அவளுக்கு. கம்பெனி சென்னையில், அவள் ஆந்திராவில், நகரிக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரத்து ஊரில். கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பியவர்களையெல்லாம் இப்போது ஆபீசுக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டு நெட்டின் வேகம் இருபதுக்கு மேல் இருக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. அதையும் வாய்ச்சொல்லில் நம்ப மாட்டார்களாம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசிலிருந்து ஒருவர் அவள் லேப்டாப்புக்குள் புகுந்து, தாமே சோதித்துப் பார்ப்பாராம்.

சென்னை அவளுக்குப் புதிதல்ல. ஊரில் கால் முளைத்தவர்களெல்லாம் தடா, ஸ்ரீசிட்டி, சென்னை, குவைத் என்று கிளம்பிய காலத்தில் அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் ஹாஸ்டலுக்குப் போனவள்தான். ஆனால் அப்போது கங்கையாவுக்கு இரண்டு கால் இருந்தது. சர்க்கரை முற்றி, திருப்பதி ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. புண்ணைக் கழுவிக் கட்டுவதற்கும் ஊசி போடுவதற்கும் வேளைக்குக் கேழ்வரகுக் களி கிண்டுவதற்கும் கல்பனா ஒருத்திதான். அவள் போனால் நைனாவைப் பார்க்க ஆளில்லை, போகாவிட்டால் இரண்டு பேருக்குமே சோறில்லை. இதை அவள் நைனாவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அந்த மனுஷன் "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவள் கோவர்த்தனனைப் போனில் பிடித்து உலுக்கினாள். உச்சி வெயிலில் வந்து சேர்ந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே தன் போனை எடுத்து வேகத்தைப் பார்த்து, வழக்கம்போல அவள் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"இன்னாம்மா நீ, சும்மா சும்மா போன் பண்ணி உயிர வாங்கற. லைனு சூப்பரா கீது. பாரு, நாப்பத்தாறு!"

கல்பனா எண்ணைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேல் அசையாமல் தொங்கிய ஃபேனைப் பார்த்தாள்.

"அண்ணா, கரெண்ட்டு போயி எம்மா நேரம் ஆவுது தெரியுமா?"

"அதுக்கின்னா?"

"நெட்டு பொட்டியே செத்துக் கெடக்குது. அப்புறம் எங்கேர்ந்து நாப்பத்தாறு வருது?"

கோவர்த்தனன் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தான். ஒரு விளக்குகூட எரியவில்லை. தன் போனைப் பார்த்தான். வைஃபை அணைந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தமிழ்நாட்டு டவரிலிருந்து போன் தன் பாட்டுக்கு வேகத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் போன்களுக்கு எல்லையெல்லாம் தெரியாது. எந்த டவர் உரத்துக் கூப்பிடுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

"ஓரி நாயனோ!" என்றான். "அப்ப இத்தினி நாளா ஊர் பூரா நான் காட்டிக்கினு இருந்தது…"

"தமிழ்நாட்டு டவரு."

அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. வைஃபையில்தான் இருக்கிறோமா என்று பார்க்கும் பழக்கம் இல்லாதவன், அவ்வளவுதான். ஆந்திராவில் ஒயர் இழுத்து, தமிழ்நாட்டு வேகத்தைக் காட்டி, வீடு வீடாக நல்ல பேர் வாங்கியிருக்கிறான். கல்பனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது. "கரெண்ட்டு வர்ற வரைக்கும் நீ எங்கயும் போவக் கூடாது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தான்.

கரெண்ட் வந்தது. பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. கடைசி விளக்கு பச்சையான அந்த நொடியே கல்பனா லேப்டாப்பில் அழுத்தினாள். முள் எகிறிப் போய் நாற்பத்தெட்டில் நின்றது.

"பாத்தியா! பாத்தியா!" என்று கோவர்த்தனன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தான். போன மானம் திரும்பிவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

கல்பனா மறுபடி அழுத்தினாள். பின்வீட்டு ஜெயம்மாவின் டிவியில் யாரோ ஒரு மருமகள் ஓவென்று அழத் தொடங்கினாள். முப்பத்தொன்று. மறுபடி அழுத்தினாள். எதிர்வீட்டில் கிரிக்கெட் கமெண்ட்ரி தெலுங்கில் பொரிந்தது. பத்தொன்பது. பக்கத்து வீட்டில் வெங்கடேச சுப்ரபாதம், அதுவும் உச்சி வேளையில். ஒன்பது. தெரு ஒவ்வொரு வீடாக வாய் திறக்கத் திறக்க, அவள் கண்ணெதிரிலேயே எண் கரைந்து நான்கில் வந்து நின்றது.

கோவர்த்தனன் மெதுவாக உட்கார்ந்தான். கல்பனா எழுந்து வெளியே போனாள்.

வீட்டுச் சுவரை ஒட்டிய சிறு பாலத்தின் மேல் அதே தெருக்காரர் அப்பாவுவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் நேரமெல்லாம் வெளியே பேச்சுக்குரல் கேட்கும். கால் போன மனுஷனுக்குத் துணையாக நான்கு பேர் வந்து உட்காருகிறார்களே என்று எத்தனையோ முறை மனம் குளிர்ந்திருக்கிறாள். இப்போது பார்த்தால் மூன்று தலைகளும் மூன்று போன்களுக்குள் கவிழ்ந்திருந்தன.

"இன்னா கல்பனா," என்று அப்பாவு உரிமையோடு கேட்டார், "கரெண்ட்டு வந்தும் ஒங்க நெட்டு இம்மாம் ஸ்லோவா கீதே? கோவர்த்தனனக் கூப்ட்டு சண்ட போட வேண்டியதுதான?"

"பாஸ்வேர்டு யாருண்ணா குடுத்தது?"

"ஒங்க நைனாதான். கங்கம்மாவுக்குக் கூழு ஊத்தன அன்னிக்கு சொன்னாரே. ஊருக்கே தெரியும்."

ஆடியில் கூழ் ஊற்றும்போது வாசலில் பாத்திரத்தோடு நிற்கிறவரை யாரும் வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செம்பிலும் கூழ் ஊற்றி, கூடவே ஒவ்வொரு காதிலும் பாஸ்வேர்டையும் ஊற்றியிருக்கிறார் கங்கையா. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், மகள் வாய்விட்டுச் சொன்னதை மந்திரம்போல மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

கல்பனா உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆமா, குடுத்தேன்," என்றார் கங்கையா, துளியும் கூசாமல். "கேட்டாங்க, குடுத்தேன். அது இன்னா சோறா, துன்னா தீர்ந்து பூடறதுக்கு? ஆதிநாராயணன் ஐயாவே வாசல்ல வந்து நின்னு கேட்டாருன்னா பாத்துக்கயேன்! அமெரிக்காவுல கீற புள்ளயோட மூஞ்சி பாத்துப் பேசறதுக்கு இப்பல்லாம் தெனம் நம்ப வூட்டாண்டதான் வர்றாரு."

ஊரின் பெரிய நிலக்காரர் ஆதிநாராயணனுக்கு நெட் கம்பெனியையே விலைக்கு வாங்குகிற வசதி உண்டு. கைதான் விரியாது.

"நைனா, அவரு மோட்டார்ல நீதான மட திருப்பிக்கினு இருந்த? எல்லா மடையும் ஒரே நேரத்துல தெறந்து வுட்டா இன்னா ஆவும்?"

"எவனுக்கும் பாயாது. கடமட காஞ்சி பூடும்."

"இப்ப நாமதான் கடமட."

"அதெப்டி? மோட்டாரே நம்ப வூட்ல கீதே."

"மோட்டாரு நம்மள்து. தண்ணி பூரா ஊர் குடிச்சிட்டுப் போவுது. நான் இன்னிக்கே பாஸ்வேர்ட மாத்தப் போறேன்."

கங்கையாவின் முகம் மாறிவிட்டது. அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடுத்தத எப்டி பிடுங்கறது? இந்தா பாரு, அவரு மோட்டார் கொட்டாவாண்ட ஒங்கம்மா கொடத்த வெச்சிக்கினு நிப்பா. ஊர்ல கெணறு வத்தன வருசம். அந்த மோட்டார ஓட்றவனே நானு, நான் ஒரு கொடம் புடிக்க முடியாது. அவரு வந்து சொல்லணும். ஊத்துன்னும் சொல்ல மாட்டாரு, போன்னும் சொல்ல மாட்டாரு. எப்ப வருவாருன்னும் தெரியாது. வெயில்ல நின்னுக்கினே இருப்பா. நம்ப வாசல்ல எவனும் அப்டி நிக்கக் கூடாதுன்னு வெச்சிக்கினு கீறேன். நான் சாவற வரைக்கும் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அம்மா குடத்தோடு நின்றது கல்பனாவுக்கும் நினைவிருந்தது. அவள் அந்தப் புடவைத் தலைப்புக்குள் ஒண்டிக்கொண்டு நின்றவள். ஆனாலும் அவள் இறங்கி வரவில்லை. நைனாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்து வைத்திருந்ததை எடுத்து முன்னால் வைத்தாள்.

"வியாழக்கெழம மெட்ராஸ்லேர்ந்து நம்ப நெட்டு வேகத்த சோதிக்கப் போறாங்க. இருபது வந்தா நான் இங்க இருப்பேன். வரலன்னா பொட்டி கட்டிக்கினு போவணும். இப்ப வர்றது நாலு."

வெளியே அப்பாவுவின் போனில் யாரோ சிரித்தார்கள். ஜெயம்மா வீட்டு மருமகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப நான்தான் ஒன்ன அனுப்பிக்கினு இருந்தனா?"

ஆமாம் என்று சொல்லக் கல்பனாவுக்கு வாய் வரவில்லை, இல்லை என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கங்கையா தன் வெட்டுண்ட காலின் கட்டை ஒருமுறை கையால் தடவினார்.

"மாத்து," என்றார் கடைசியில். "ஆனா ஊருக்கு நீ சொல்லாத. குடுத்தவன் நானு. நானே சொல்றேன்."

ஸ்டூலில் திருட்டுமுழி முழித்துக்கொண்டிருந்த கோவர்த்தனன் தொண்டையைக் கனைத்தான். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு வழி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கல்பனா பார்த்த பார்வையில் அவன் அந்த மாதத்து நல்ல காரியமாக அதை இலவசமாகவே செய்து கொடுத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலையில் கங்கையா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஊன்றுகோலோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "எம் பொண்ணு வேல முடிஞ்சி ஆறு மணிக்குத் தெறந்து வுடுவேன். ராத்திரி படுக்கற வரைக்கும் பாத்துக்க. இப்ப இல்ல." முதல் ஆளிடம் சொல்லும்போது வார்த்தை பல்லில் சிக்கியது. அப்பாவு முணுமுணுத்தபடி போனார். ஜெயம்மா சீரியலில் இன்றைக்குத்தான் கல்யாணம் என்று கெஞ்சிப் பார்த்தாள். கங்கையா அசையவில்லை. சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு உள்ளே கல்பனா ஹெட்போனை மாட்டினாள். சென்னையிலிருந்து ஒரு பெண்குரல் குட்மார்னிங் சொன்னது. அவள் கைபடாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்து வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்தது. அதே நேரம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"இன்னாடா கங்கையா, நெட்டு வரல? பையன் லைன்ல கீறான்."

ஆதிநாராயணன். கங்கையாவைவிட வயதில் இளையவர்தான். அந்த 'டா' ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

நைனா கொடுத்துவிடுவார் என்று நினைத்தாள். ஆயுசு முழுக்க அந்தக் குரலுக்கு எழுந்து நின்ற மனுஷன், ஒற்றைக் காலிலும் எழுந்து நின்றுவிடுவார் என்று நினைத்தாள். திரையில் முள் துடிக்கத் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப இல்லீங்க. எம் பொண்ணு வேல செய்யுது."

"ஒரு அஞ்சி நிமிசம்டா."

"ஆறு மணிக்குத் தெறப்பேன். சொன்னா சொன்னபடி தெறப்பேன்." ஊன்றுகோல் தரையில் இடிபட்டது. நாற்காலி கரகரவென்று இழுபட்டது. "வெயில்ல நிக்காதீங்க ஐயா. இப்டி நெழல்ல வந்து குந்துங்க. கொடத்துல தண்ணி கீது, மொண்டு குடிங்க."

திரையில் முள் நாற்பத்தேழில் நின்றது. பெண்குரல் இன்னொரு முறை சோதித்தது. மறுபடியும் நாற்பத்தேழு. "ஓகே கல்பனா, அப்ரூவ்டு. நீங்க வீட்லேர்ந்தே கண்டின்யூ பண்ணலாம்" என்றது. கல்பனா நன்றி சொன்னாள். சொன்ன குரல் தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். கங்கையாவின் நாற்காலியில் ஆதிநாராயணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மறுகையில் தண்ணீர்ச் செம்பு. கங்கையா சுவரில் சாய்ந்து, ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து நின்றார். மகளைப் பார்த்ததும் எண் எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

"பொட்டி கட்ட வேணாமில்ல?"

"வேணாம் நைனா."

கங்கையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இந்த முறை வெகுநேரம் துடைத்தார்.