கொழுந்துத் தராசில் ஒரு கார்

1.

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் ஹட்டனில் ஒரு கராஜ்காரர். "அந்தக் காலத்துல கார் இஞ்சின் எவ்வளவு இழுக்குதுன்னு தேயிலைக் கொழுந்து நிறுக்குற தராசுல பாத்தாங்க சார்" என்றார். பிளேன்டீக்கு நான் காசு கொடுத்ததால் இன்னும் நிறையச் சொன்னார். அதில் பாதியை நம்பினேன். நம்பாத பாதியைத்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில் சிவப்புக் கார் ஒன்று..."

(அடித்துவிட்டேன். நம் கதைகளில் பனி மூடாத மலையே கிடையாது.)

2.

ஆண்டு 1958 என்று வைத்துக்கொள்வோம். இடம் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வைக்கவில்லை, வைத்தால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அங்கே ஒரு சின்னத்துரை, அதாவது பெரிய துரைக்கு அடுத்த அதிகாரி. மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காத வெள்ளைக்காரர். நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டியில் ஜெயிக்க ஆசைப்பட்டு, தன் காருக்கு இரண்டாவது கார்பரேட்டர் போட வைத்தார். போட்டவன் தேயிலை ஃபேக்டரி பிட்டர் இராயப்பன்.

(இராயப்பனை நல்லவனாகவே எழுத வேண்டும் என்பது என் ஆசை. ஆசைதான்.)

வேலை முடிந்ததும் இழுவையைச் சோதிக்க வேண்டும். அதற்கான யந்திரம் மலைநாட்டில் ஏது? காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். சுழலும் சக்கரத்தை மரக்கட்டைகளால் கவ்விப் பிடித்து, கட்டையில் ஒரு நீண்ட சட்டத்தைப் பூட்டினார்கள். இஞ்சின் முறுக்க முறுக்கச் சட்டம் கீழே இழுக்கும். அந்த இழுப்பை நிறுக்கத்தான், ஃபேக்டரியை ஒட்டிய கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கிய தராசு.

3.

சின்னத்துரை ஆக்சிலேட்டரை மிதித்தார். ஃபேக்டரியே அதிர்ந்தது. தராசு முள் ஏறி, பாதியில் அலுத்து நின்றது.

"கார் புஸ்தகத்துல போட்டதவிட கொறையுது, இராயப்பன்!"

இராயப்பன் பிளக்கை மாற்றினான். கார்பரேட்டரைத் திருகினான். முள் அசைவேனா என்றது.

"புஸ்தகம் பொய் சொல்றது இல்ல. நீதான் இஞ்சின் கெடுத்தது. நாளைக்குப் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் வேலை போச்சு. வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு.

4.

குறை இஞ்சினில் இல்லை, தராசில். போன வருஷம் கணக்கப்பிள்ளை நல்லமுத்து ஒரு சிரிப்போடு வந்து கேட்க, அதன் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கடினமான ஒன்றை மாட்டியவன் இராயப்பன்தான். அன்றிலிருந்து எந்தக் கூடையும் முள்ளில் நிறை குறைவு, கூலியும் குறைவு. அவன் மனைவி இராசம்மா கொழுந்து பறிப்பவள். "தராசு கொறையுதுங்க" என்று அவள் வந்து சொன்னபோதெல்லாம், "தராசு சரியாத்தான் இருக்கு, நீதான் பராக்குப் பாத்துருப்ப" என்றான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான். இல்லாவிட்டால் அதே தராசில் காரைக் கட்டுவானா? இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் நிஜமாகவே கோபம் வருகிறது.

5.

அந்திக் கொழுந்தோடு பெண்கள் வந்துவிட்டார்கள். தராசோ காரில் மாட்டியிருக்கிறது. இராசம்மா முள்ளைப் பார்த்தாள்.

"அடி ஆத்தே! நம்ம கூடையத்தான் கொறைக்கும்னு நெனச்சேன். தொரை காரையும் விட்டு வைக்கலியே!"

பெண்கள் சிரித்தார்கள். தோட்டத்துத் தமிழ் படித்த சின்னத்துரை சிரிக்கவில்லை.

"தராசு சரியா, இராயப்பன்?"

நல்லமுத்து கூரைத் தகரத்தை ஆராயத் தொடங்கினார்.

6.

முடிவு ஒன்று: "தராசு சரிதாங்க தொரை" என்கிறான். வேலை போகிறது. கெட்ட இஞ்சின் என்று நம்பி, சின்னத்துரை போட்டிக்கே போகவில்லை.

முடிவு இரண்டு: "தப்புங்க" என்கிறான். வேலை மிஞ்சுகிறது. கார் மலையேறுகிறது, பெண்கள் கை தட்ட...

(இல்லை, தட்ட மாட்டார்கள். "தப்பு" என்றவுடன் இராசம்மா கேட்பாள்: "அந்த ஸ்பிரிங்க மாட்டுனது யாருங்க?")

முடிவு மூன்று எழுத உட்கார்ந்தேன். இராயப்பன் வாயைத் திறந்தான். நான் பேனாவை மூடிவிட்டேன்.

அவன் என்ன சொன்னான் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இராசம்மா இன்னும் கூடையை இறக்கவில்லை. அதன் உண்மையான கனம் அவள் முதுகுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.