ஓரகத்தியின் வண்டிக்குப் பின்னால்

தையலம்மாளின் வண்டி மாடுகளில் ஒன்று நொண்டியது, அதுவும் ஆற்றுத் திருவிழாவுக்கு முதல்நாள். வருஷத்தில் திருவிழா அன்று ஒரு நாள்தான் அவளுடைய அண்ணன் அக்கரை இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து பெண்ணையாற்று மணலுக்கு வந்து தங்கையைப் பார்ப்பான்.

வேறு வழியில்லை. அவளுடைய பழைய கூண்டு வண்டியை, கொழுந்தன் பெண்டாட்டி ஆதிலட்சுமியின் புது வண்டிக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரன் சீமையான பாகூரிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் அந்தப் புது வண்டியின் பச்சைப் பட்டுத் திரை தையலம்மாளின் கண்ணெதிரே ஆடிக்கொண்டே போனது. அவளுக்கு வயிறு எரிந்தது.

கரையில் வண்டிக்காரர் தங்கவேல் மாட்டை நிறுத்தினார். "மணல்ல மாடு ரெண்டு வண்டிய இழுக்காதும்மா. பின்வண்டிய இங்கியே வுட்டுடலாமா?"

"என் வண்டில ஏறிக்கக்கா" என்றாள் ஆதிலட்சுமி.

"உன் மெத்தைல குந்திக்கினு போயி எங்கண்ணன் முன்னால எறங்கணுமா? இன்னா நெனப்புடி உனக்கு! இழுத்தா என் வண்டியையும் சேத்து இழுக்கட்டும்."

ஆதிலட்சுமி இறங்கி வந்தாள். "வண்டி இருந்து இன்னாக்கா? எனக்குன்னு வந்து நிக்க அங்க ஒரு கூடப்பொறப்பு உண்டா? வருஷா வருஷம் உன்னப் பாத்து நான்தான் வெந்து சாவுறேன்."

தையலம்மாள் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஆதிலட்சுமியின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆற்று மணலில், அண்ணன் கொண்டுவந்த கரும்பை ஒடித்து ஆதிலட்சுமிக்கும் கொடுத்தாள். சின்னத் துண்டைத்தான்.