மனைவி என்றால் இலவசம்

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கிளறிற்றா பூசைக்கு வந்தபோது அவள் முகத்தில் இரண்டு நிறம் இருந்தது. கன்னமும் மூக்கும் வெயிலில் காய்ந்து கறுத்திருக்க, கண்களைச் சுற்றி மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது. பனிமலையில் சறுக்கி விளையாடப் போகிறவர்கள் பெரிய கண்ணாடி ஒன்று போடுவார்கள் அல்லவா, அதன் அச்சு. வேறு யாராவது என்றால் பவுடர் பூசி மறைத்திருப்பார்கள். கிளறிற்றா மறைக்கவில்லை. நற்கருணை வாங்கப் போகையில் முகத்தை வழக்கத்தை விடக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு போனாள்.

மேரிறோஸுக்கு வயிறு எரிந்தது. புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்திருந்தால்கூட இப்படி எரிந்திராது. சங்கிலி என்றால் தானும் ஒன்று வாங்கலாம். முகத்தில் விழுந்த மலைவெயிலை எந்தக் கடையில் போய் வாங்குவது?

கிளறிற்றா வேறு யாருமில்லை. மேரிறோஸின் கணவர் கிறிஸ்துராஜாவின் தம்பி ஜெராட்டுடைய மனைவி. இரண்டு குடும்பமும் லண்டனில், எட்மண்டன் பக்கம், இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். இரண்டு தெரு என்பது நல்ல தூரம்தான். ஆனால் கிறிஸ்துராஜாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் எது பழுதானாலும், எந்தக் கடிதம் வந்தாலும், "கிளறிற்றாவைக் கேட்டால் தெரியும்" என்பார். கூடாத மனிதர் இல்லை, பாவம். அந்தச் சொல் மனைவியின் காதில் எப்படி விழுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். "அண்ணி, அடுத்தமுறை நீங்களும் அண்ணையும் எங்களோட வாங்கோவன். பிளேனுக்குக் காசு கொட்டாமல் காரிலையே பிரான்ஸுக்குப் போவம்" என்று ஜெராட் கேட்டான். ஜெராட்டின் கார் மின்சாரக் கார், சின்னது. கிறிஸ்துராஜாவின் கார் மலையேறுகிற வயதைத் தாண்டியது. ஆகவே வாடகைக் கார்தான். ஓட்டுவதற்கும் ஆள் குறைவு. வேகக் கமராவில் திரும்பத் திரும்பப் பிடிபட்டு ஜெராட்டின் லைசன்ஸ் பறிபோயிருந்தது.

"நான் ஓடுறன். நான் களைச்சால் கிளறிற்றா ஓடட்டும். அவவுக்குப் பனி றோட்டுப் பழக்கம்" என்றார் கிறிஸ்துராஜா.

"எனக்கென்ன, கையில்லையோ? இரண்டாவது டிரைவர் நான்" என்றாள் மேரிறோஸ்.

"நீரோ?" என்றார். அந்த 'நீரோ'வில் ஒரு சிரிப்பு இருந்தது. மேரிறோஸ் மூன்றாம் முறைதான் லைசன்ஸ் எடுத்தவள். அந்தச் சிரிப்பை அவள் எடுத்து மனதுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

போன முறை விமானத்தில் போய் இறங்கி அங்கே கார் எடுத்தபோது தாங்கள் ஏமாந்த கதையைக் கிளறிற்றாவே ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள். "இன்ரநெற்றிலை பாத்தால் நல்ல மலிவு அக்கா. அங்க போய் நிண்டால் உதுக்கு வேற, இதுக்கு வேற எண்டு கூட்டிக் கூட்டி, கார்க் கூலியைப்போல இன்னொரு மடங்கு உரிச்சுப்போட்டாங்கள்."

மேரிறோஸ் "அச்சச்சோ" என்றாள். உள்ளுக்குள் பாயாசம் குடித்ததுபோல இருந்தது. எல்லாம் தெரிந்த கிளறிற்றாவுக்குத் தெரியாத இடம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. அங்கே தான் போய் ஏறி உட்கார்ந்துவிட்டால்?

"இந்தமுறை காரை நான் பாக்கிறன்" என்று அப்போதே சொல்லிவிட்டாள். சொன்ன விலைக்கு மேல் ஒரு பவுண் கூடக் கொடுக்காமல் எடுத்து, அந்தக் காரைத் தானே ஓட்டிப் போவது என்று முடிவு கட்டினாள்.

மேரிறோஸ் தபால் கந்தோரில் கவுண்டர் வேலை செய்பவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பழகியவளுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரியும். இரண்டு மாதம் வாசித்தாள், போன் பண்ணிப் பண்ணிக் கேட்டாள். காரை நாட்டுக்கு வெளியே கொண்டு போவதற்கு அனுமதி தனி. அதைக் கடைசி நேரத்தில் கேட்டால் விலை தனி. மலைப்பக்கம் போகக் குளிர்கால ரயரோ சக்கரத்துக்குச் சங்கிலியோ இருக்க வேண்டும். கார்க் கம்பனி மேசையில் வைத்து வாடகைக்கு எடுப்பதைவிடச் சங்கிலியைச் சொந்தமாக வாங்குவது மலிவு. காரில் கீறல் விழுந்தால் முதல் இவ்வளவு பணம் உங்கள் தலையில் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குப் பெயர் எக்ஸஸ். அதற்கு மேசையில் விற்கிற காப்புறுதி கொள்ளை விலை. முன்னமே வெளியில் வாங்கி வைத்தால் அதில் கால்வாசியும் வராது. பெற்றோல் நிரம்பத் தருவார்கள், நிரப்பிக் கொடுக்க வேண்டும். மறந்தால் அவர்கள் நிரப்புகிற பெற்றோலுக்குத் தங்கத்தின் விலை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒத்திகை நடந்தது. கிறிஸ்துராஜா சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கார்க் கம்பனிக்காரனாக நடிக்க வேண்டும்.

"மேடம், கண்ணாடி உடைஞ்சால் என்ன செய்வியள்?"

"வேண்டாம், நன்றி."

"சக்கரம் வெடிச்சால்?"

"வேண்டாம், நன்றி."

"மேடம், உங்கட மனிசன் நல்ல மனிசன், அவருக்கு ஒரு தேத்தண்ணி?"

"வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் மேரிறோஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு இரவு கிளறிற்றாவின் பெயர் அந்த வீட்டில் அடிபடவில்லை.

புறப்படுகிற சனிக்கிழமை நாலு பேரும் பைகளோடு போய் வாடகைக் கந்தோரில் நின்றார்கள். மேசையில் இருந்தவள் இளம் வெள்ளைக்காரப் பெண், நல்ல சிரித்த முகம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, மேரிறோஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். எக்ஸஸ் காப்புறுதியா? இதோ, வாங்கியாயிற்று. சங்கிலியா? பையில் இருக்கிறது. வெளிநாட்டு அனுமதியா? பதிவு செய்யும்போதே கட்டியது, பாருங்கள். ஸ்கீக் கட்டைகளை மேலே கட்டுகிற தட்டா? அவற்றை மலையிலேயே எடுத்துக்கொள்வோம்.

"அக்கா, பயங்கரம்" என்றாள் கிளறிற்றா பின்னாலிருந்து. மேரிறோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகாலேயே அதைக் கேட்டு அனுபவித்தாள்.

கடைசிக் கேள்வி வந்தது. கார் கிறிஸ்துராஜாவின் பெயரில். வேறு யாரும் ஓட்டுவார்களா? வேறு ஆள் ஓட்டுவதென்றால் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம். மனைவி என்றால் இலவசம்.

"மனைவிதான்" என்றாள் மேரிறோஸ், வெற்றியோடு. கிறிஸ்துராஜா எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த, பெண்கள் இரண்டு பேருடைய லைசன்சுகளும் மேசையில் கிடந்தன. மேசைப் பெண் அவற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேரிறோஸைத் தாண்டி, கிளறிற்றாவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"மிஸிஸ் கஸ்பர், இங்கே ஒரு கையெழுத்துப் போடுகிறீர்களா?"

நம் பெயர் வைக்கிற முறை உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பன் பெயர் கஸ்பர். ஆகவே அவர் கிறிஸ்துராஜா கஸ்பர், இவன் ஜெராட் கஸ்பர். மன்னாரில் கலியாணம் முடித்த மேரிறோஸ், அங்கே எல்லாரும் செய்வதுபோலத் தன் பெயருக்குப் பின்னால் புருசனின் பெயரைப் போட்டு மேரிறோஸ் கிறிஸ்துராஜா ஆனாள். லண்டனில் கலியாணம் முடித்த கிளறிற்றாவோ இந்த ஊர் வழக்கப்படி கிளறிற்றா கஸ்பர். மேசையில் கிடந்தவற்றைப் பார்த்தால் கிறிஸ்துராஜா கஸ்பருக்குப் பொருத்தமான மனைவி அவள்தான்.

ஜெராட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணை, என்ர மனிசியைக் கொண்டு போறியளோ! உங்களுக்கு நல்லாய்த்தான் இருக்கு!"

மேரிறோஸ் விளக்கம் சொன்னாள். பெண் தலையாட்டிக் கேட்டாள். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கலியாணச் சான்று வேண்டும் என்றாள். மேரிறோஸ் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். மன்னாரில் தமிழில் எழுதிய பதிவு. பெண் அதைக் கோலம் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்றாள்.

அப்போதுதான் கிறிஸ்துராஜா வாயைத் திறந்தார்.

"சரி, இப்ப என்ன? கிளறிற்றா கையெழுத்துப் போடட்டும். ஒரு கிழமைக்குத்தானே."

ஒரு கிழமைக்குத்தானே! மேரிறோஸின் காது இரண்டும் சூடாயின. இத்தனை வருடம் 'கிளறிற்றாவைக் கேள்' என்று சொன்ன வாய், இப்போது மனைவி என்கிற இடத்தையும் சும்மா தூக்கிக் கொடுக்கிறது. அதுவும் இலவசமாக. ஒரு பவுண் கூடக் கொடுக்கக் கூடாது என்று அவள் போட்ட சபதமே அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"ஏலாது" என்றாள்.

"ஏன் அண்ணி, பகிடிதானே" என்றான் ஜெராட்.

"பகிடியில்லை. பொய் சொல்லி எடுத்தால் இன்சூரன்ஸ் செல்லாது. மலையிலை ஒரு கல்லிலை இடிச்சால் முழுக் காரும் எங்கட தலையிலை. நான் வாசிச்சனான்."

அது உண்மைதான். அவள் வாசித்திருந்தாள். அதை வாசித்த அன்று இவ்வளவு உதவும் என்று நினைத்திருக்கவில்லை. இப்போது யாரும் அதைப் பொறாமை என்று சொல்ல முடியாது. இன்சூரன்ஸ்.

"அப்ப ஒண்டு செய்வம்" என்றார் கிறிஸ்துராஜா. "நான் தனிய ஓடுறன். காசும் மிச்சம்."

மேரிறோஸ் கைப்பையைத் திறந்தாள். தன்னுடைய வங்கி அட்டையை எடுத்தாள். மேசையில் வைத்தாள். "இரண்டாவது டிரைவர், மேரிறோஸ் கிறிஸ்துராஜா. என்ன கட்டணமோ எடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். 'வேண்டாம், நன்றி' என்று இரண்டு மாதம் பழகிய வாய்க்கு அது கொஞ்சம் கசந்தது.

ஆண்கள் பைகளை ஏற்றப் போனார்கள். மேரிறோஸ் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். கூரை, கண்ணாடி, சக்கரம், பழைய கீறல் ஒவ்வொன்றும். பிறகு இவர்கள்தான் கீறினார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. கிளறிற்றா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவமோ?"

"எனக்கென்ன கோவம்? நீர் என்ன செய்தனீர்?"

"ஒண்டு சொல்லட்டே? சிரிக்கக் கூடாது." கிளறிற்றா காரின் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கட பெயரைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு எரியும். உங்களிட்ட அத்தான்ர பெயர் இருக்கு. எனக்கு மாமான்ர பெயர். நான் மாமாவைக் கண்டதே இல்லை. கலியாணம் எழுதேக்கை ஜெராட்டின்ர பெயரைப் போடுவம் எண்டு கேட்டனான். 'இஞ்ச ஆக்களுக்கு விளங்காது, விசர்க்கதை கதையாதையும்' எண்டிட்டார்."

மேரிறோஸ் அதே கதவை இரண்டாம் முறையும் படம் எடுத்தாள். தன்னிடம் இருக்கிற ஏதோ ஒன்றைப் பார்த்து இவளுக்கு எரிந்திருக்கிறது. அதுவும் இத்தனை வருடமாக! அனுதாபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது இனிப்பு. அனுதாபம் அதற்குப் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தது. மனிதர்கள் அப்படித்தான், என்ன செய்வது.

"முன்னுக்கு ஏறும்" என்றாள். "அவர் பின்னுக்கு இருக்கட்டும்."

மேரிறோஸ்தான் முதலில் ஓட்டினாள். கிறிஸ்துராஜா பின் இருக்கையில், முழங்காலில் ஒரு பையோடு. நோர்த் சேர்க்குலர் றோட்டில் பெரிய லொறி ஒன்று உரசுவதுபோல வந்தது. அவள் அசையவில்லை. கிளறிற்றா "வடிவாய் ஓடுறியள்" என்றாள். ஆற்றுக்கு அடியால் போகிற பிளாக்வோல் சுரங்கத்துக்கு வழிகாட்டும் பலகை வந்தது.

"அக்கா, சுரங்கத்துக்குக் காசு கட்டியாச்சே?"

சுரங்கத்துக்குக் காசா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூயிஷாமில் இருந்த காலத்தில் இந்தச் சுரங்கத்தால் எத்தனை தரம் வந்து போனவர்கள். ஒரு சதம் கொடுத்ததில்லை. இப்போது காசு எடுக்கிறார்கள், அதைப் போனில்தான் கட்ட வேண்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம் மங்கலாக வந்தது.

"ஓம், ஓம். கட்டியாச்சு" என்றாள்.

சுரங்கம் அவர்களை விழுங்கியது. வானொலி நின்றுபோயிற்று. இப்படியான றோட்டுக் காசைக் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அவளே வாசித்திருக்கிறாள்: தண்டம் கார்க் கம்பனிக்குப் போகும், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து அட்டையிலிருந்து எடுப்பார்கள். ரயரும் சங்கிலியும் எக்ஸஸும் பார்த்துப் பார்த்து அடைத்தவள், வீட்டுக்குப் பக்கத்து ஓட்டையைப் பார்க்கவில்லை. கையோ ஸ்டியறிங்கில். போனோ கைப்பையில். கைப்பையோ கிளறிற்றாவின் காலடியில்.

மறுகரையில் வெளிச்சம் வந்தது.

"கிளறிற்றா."

"என்னக்கா?"

"நான் கட்டேல்லை."

"தெரியும்" என்றாள் கிளறிற்றா. சிரிக்கவில்லை. அதற்காகவே மேரிறோஸ் அவளை மன்னித்தாள்.

"என்ர போனை எடுத்துக் கட்டி விடும்."

"பாத்தீரே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நல்லகாலம், கிளறிற்றா..."

"நீங்கள் பையைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்றாள் மேரிறோஸ். "ஓம் அத்தான், சும்மா இருங்கோ" என்றாள் கிளறிற்றாவும்.

கட்டுகிறவரின் பெயர் என்று போன் கேட்டது. கிளறிற்றா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். மேரிறோஸ். பிறகு கிறிஸ்துராஜா. அந்த இரண்டாவது பெயரில் அவள் விரல் கொஞ்சம் மெதுவாகப் போனதை மேரிறோஸ் ஓரக்கண்ணால் கண்டாள். கண்டும் காணாததுபோல றோட்டைப் பார்த்தாள்.

கொஞ்சத் தூரம் போனபின், யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்த ஸ்கீக் கண்ணாடி எத்தனை நாள் போட்டால் கண்ணைச் சுத்தி அடையாளம் விழும்?"

"நல்ல வெயில் எண்டால் இரண்டு நாள் காணும் அக்கா. கிறீம் வடிவாய்ப் பூசினால் விழாது."

மேரிறோஸின் பையில் புது வெயில் கிறீம் ஒன்று இருந்தது, பெரிய போத்தல். அதை எட்மண்டனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அவள், பிரான்ஸுக்குக் கப்பல் ஏறுகிற டோவர் றோட்டில் திருப்பினாள்.