முழுசாகத் திறக்காத கதவு

அன்றைக்கு அது ஆறாவது வீடு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கருவிப் பையைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். காலையிலிருந்தே முட்டி இரண்டும் அவரிடம் தகராறு செய்துகொண்டிருந்தன.

"ஒரு மாசமா பாலெல்லாம் ஐஸ் கட்டியாப் போயிடுதுங்க. இவ கதவ ஒழுங்கா மூடறதே இல்ல," என்றார் வீட்டுக்காரர்.

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பல்லவிதான். பெட்டி மக்கர் செய்தால் பழி பெண்டாட்டி தலையில். "மூடலன்னா பால் கெட்டுப்போகும் சார். ஐஸா உறையாது," என்றார் மெக்கானிக் அலுப்போடு.

அந்த அம்மாள் இடுப்பில் வலிக்கான பட்டை கட்டியிருந்தாள். இந்தப் புகாரைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. வீட்டுக்காரர்தான் விடவில்லை. "எனக்குச் சர்க்கரையும் எகிறிக்கிட்டே போகுது. டாக்டர் ஊசி அளவ ரெண்டு தடவை ஏத்திட்டாரு. எல்லாம் இவ சமையல்."

மெக்கானிக் உள்ளே பார்த்தார். குளிர் திருகு கடைசி எண்ணில் நின்றது. "இத ஏழுல வெச்சது யாரு?"

"நான்தான். வெயில் ஆரம்பிச்சிடுச்சில்ல, தண்ணி ஜில்லுனு இருக்கட்டும்னு."

மேல்தட்டின் பின்சுவரில், குளிர்காற்று வரும் துளைக்கு நேர் முன்னால் ஒரு சின்ன மருந்துப்பெட்டி இருந்தது.

"அது என் இன்சுலின். குனியாம எடுக்கலாமேன்னு அங்க வெச்சிருக்கேன்."

மெக்கானிக் புட்டியை எடுத்து ஆட்டினார். உள்ளே எதுவும் அசையவில்லை. "ஐஸாயிருக்கே சார். பாக்கலையா?"

"குளிக்கப் போறப்ப மேசை மேல எடுத்து வெப்பேன். வந்து பாத்தா தண்ணியாத்தான் இருக்கும்."

"ஒரு தடவை உறைஞ்சா அந்த மருந்து உருகினாலும் வேலை செய்யாது சார். சும்மா குத்திக்கிட்டு இருந்திருக்கீங்க. இன்னிக்கே டாக்டரப் பாத்து விஷயத்தச் சொல்லுங்க. புது மருந்து எவ்வளவு போடணும்னும் கேட்டுக்குங்க."

வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது.

"கீழயும் உறைஞ்சிருக்கான்னு பாக்கணும். எனக்கு முட்டி மடங்கல. கீழ இருக்கிற காய் டிராயர நீங்க கொஞ்சம் இழுங்க சார்."

வீட்டுக்காரர் மண்டியிட்டு இழுத்தார். கதவு பக்கத்துச் சுவரில் முட்டி நின்றிருந்ததால் டிராயர் பாதிக்குமேல் வரவில்லை. கையை வளைத்து நுழைத்து ஒரு தக்காளியை எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இதுல எப்படிம்மா காய் எடுக்குற?" அந்தக் கேள்வியை அவர் மனைவியிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஆறு வருஷமா இப்படித்தான்."

"கதவ அந்தப் பக்கமா மாத்தி மாட்டலாங்க. பெட்டியிலேயே அதுக்கு வசதி வெச்சிருக்கான். அரைமணி நேர வேலை," என்றார் மெக்கானிக்.

"வெறும் அரைமணி நேரமா?" என்று முனகினார் வீட்டுக்காரர்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடவும் அவளுக்குத் தெம்பில்லை. "தெனம் தொறக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டு இந்தப் பெட்டிய வாங்கியிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும். பழி போடறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாத்திருந்தா உங்க மருந்து தப்பிச்சிருக்கும்."

வீட்டுக்காரர் எழுந்து, திருகை நடு எண்ணுக்குத் திருப்பினார். பிறகு அவள் பக்கம் பார்க்காமலே கேட்டார்: "புது மருந்த எங்க வெக்கட்டும், நீயே சொல்லு."