இரண்டாந்தரம் மூட்டிய கொதிகலன்

ஆறு வருடமாகப் பெர்னடெட் தேடிக்கொண்டிருந்தவன், பருத்தித்துறைக் கடற்கரைக்குத் தன் காலாலேயே வந்து சேர்ந்தான். பெயர் மயூரதன், கரவெட்டிக்காரன், பொறியியலாளன். கருவாடு காயப்போடும் மணலுக்குப் பக்கத்திலேயே சின்னக் கொதிகலன் ஒன்றை இறக்கி, சுத்தமான நிலக்கரி என்றால் என்னவென்று சனத்துக்குக் காட்டப்போகிறானாம். சனம் சம்மதித்தால் அங்கே பெரிய மின் நிலையம் எழும்பும்.

வெளிநாட்டு நிலக்கரி ஆலையொன்றில் இவன் அதிகாரியாக இருந்தபோதுதான் பெர்னடெட்டின் புருசன் சந்தியோகு அங்கே கூலிக்கு நின்றான். சாம்பல் தூசி நெஞ்சை அடைத்து, நாற்பத்தொரு வயதில் செத்தான். விசாரணையில் மயூரதன் என்ன சொன்னான்? தூசி வடிகட்டி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தான். வழக்கு அத்தோடு முடிந்தது. பாதர் மன்னிக்கச் சொன்னார். பெர்னடெட் தவறாமல் பூசைக்குப் போனாள், ஆனால் மன்னிக்கவில்லை.

சனத்தின் கருத்தை எழுதப் பிரதேச செயலகத்திலிருந்து குணலட்சுமி வந்திருந்தாள். பத்து மணிக்குச் சனம் கூடியபோது கொதிகலன் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. புகைபோக்கியில் புகை என்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை வேட்டி கட்டி, ஊர்ப்பிள்ளை வேசம் போட்டு நின்றான் மயூரதன்.

"பாருங்கோ, கருவாட்டிலை ஒரு பொட்டுக் கரி விழுந்திருக்கோ? எல்லாத்தையும் வடிகட்டி பிடிச்சுப்போடும்."

சனம் கைதட்டியது. மூட்டும் நேரத்துப் புகைதான் பொல்லாதது என்று சந்தியோகு தொலைபேசியில் எத்தனை தரம் சொல்லியிருப்பான்! விடியவே மூட்டி வைத்துவிட்டான் கள்ளன். பெர்னடெட் எழும்பினாள்.

"சேர், மூட்டினதை நாங்கள் காணேல்லை. அணைச்சுப்போட்டு எங்கடை கண்ணுக்கு முன்னாலை திரும்ப மூட்டுங்கோ."

"அது தேவையில்லை, அக்கா."

குணலட்சுமி பேனையை வைத்தாள். "கேக்கினம் தானே. மூட்டிக் காட்டுங்கோவன்."

வேறு வழியில்லை. அணைத்து, ஆறவிட்டு, டீசல் ஊற்றி மூட்டினார்கள். கருகருவென்று கிளம்பிய புகையைக் கடற்காற்று நேரே கருவாட்டுப் பாய்களுக்கு மேலே கொண்டுபோனது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மயூரதனின் வேட்டியிலும் கரி விழுந்தது.

"பதறாதேங்கோ!" அவன் இரண்டு கையையும் தூக்கினான். "இது மூட்டேக்கை மட்டும்தான். அப்ப வடிகட்டியைப் போட்டா எண்ணெய்க் கரி அடைச்சுப் பழுதாப்போகும். எல்லா ஆலையிலும் இப்பிடித்தான்!"

"நீங்கள் முந்தி நிண்ட ஆலையிலுமோ?" என்றாள் பெர்னடெட்.

"ஓம், அங்கையும்தான்! ஒவ்வொருக்காலும் நாலைஞ்சு மணித்தியாலம் நிப்பாட்டித்தான் வைக்கிறனாங்கள்."

பெர்னடெட் குணலட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், அதை அப்பிடியே எழுதுங்கோ. அந்த ஆலைத் தூசியிலை செத்த சந்தியோகுவின்ரை மனிசி நான். வடிகட்டி ஒரு நிமிசமும் நிக்கேல்லை எண்டு இவர்தான் சத்தியம் பண்ணினவர்."

அப்போதுதான் மயூரதன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவன் வெளிறிப்போனதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"அக்கா, நான் சொன்னது வந்து..."

குணலட்சுமி குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். "எத்தனை மணித்தியாலம் எண்டு சொன்னனீங்கள்?"

மயூரதன் வேட்டியில் விழுந்த கரியைத் தட்டத் தொடங்கினான்.

"நாலைஞ்சு!" என்று கருவாட்டுப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு நின்ற பெண்கள் எல்லாரும் சொன்னார்கள்.